ஏழாம் எண் வாளின் கோடுகள்

அவருக்கு மெருகு என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஆய்வுக்கூடத்தில் நான்கு பேர் கை தூக்குவார்கள். நான்கு பேரும் பொய் சொல்கிறார்கள். இருபத்தேழு வருடம் ஒரே முக்காலியில் உட்கார்ந்து உலோகத் துணுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர்மேல் அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சம்பளப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

வேலை இதுதான். பழங்காலத்து வெண்கல வாளையோ ஈட்டியையோ எப்படிச் செய்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், அதை வெளியிலிருந்து வருடக்கணக்கில் முறைத்துப் பார்த்தாலும் பயனில்லை. ஓரத்திலிருந்து எள்ளுக்கு அண்ணன், அரிசிக்குத் தம்பி என்கிற அளவில் ஒரு துணுக்கை வெட்டி எடுக்க வேண்டும். அதைப் பிசினில் புதைத்துச் சட்டைப் பொத்தான் போல ஒரு வில்லையாக்க வேண்டும். பிறகு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான இருநூற்று நாற்பதாம் எண் தாள். அடுத்து நானூறு, அறுநூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்று எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். கடைசியில் வைரப் பொடி கலந்த பசையைத் துணியில் தடவித் தேய்த்தால் துணுக்கு கண்ணாடியாகிவிடும். அதற்கு அமிலக் கரைசலைச் சில நொடி காட்டி, கழுவி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தால் உலோகத்தின் உள்வீடு தெரியும். வார்த்து அப்படியே ஆறவிட்ட வெண்கலமென்றால் பெரணி இலைபோலக் கிளைகிளையாக இருக்கும். வார்த்த பிறகு சுத்தியலால் தட்டி விளிம்பை இறுக்கியிருந்தால், சீப்பால் வாரியதுபோல மெல்லிய கோடுகள் ஓடும். தட்டிய விளிம்பு கெட்டி, சண்டைக்கு ஆகும். தட்டாதது சீக்கிரம் மழுங்கும். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு கொல்லனை விசாரிக்க வேறு சாட்சி கிடையாது.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். முந்தைய தாளின் கீறல்கள் குறுக்காகத் தெரியும். அவை முழுக்கப் போகும்வரை தேய்த்துவிட்டுத்தான் அடுத்த தாளுக்குப் போகலாம். மெருகு இன்னொரு சட்டத்தையும் தானே சேர்த்துக்கொண்டார். தேய்த்து முடித்த ஐந்து தாள்களையும் ஒரு உறையில் போட்டு, மேலே துணுக்கின் எண்ணையும் தேதியையும் எழுதி இழுப்பறையில் வைப்பார். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார். இருபத்தேழு வருடத்து உறைகள் பதினொரு இழுப்பறைகளை அடைத்துக்கொண்டிருந்தன.

அவருடைய மெருகைப் பற்றிச் சில கதைகள் உண்டு. ஒருமுறை அவர் தேய்த்த வில்லைமேல் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டது. கட்டுப் போட்டதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நொண்டியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொருமுறை இயக்குநர் ஒரு கூட்டத்துக்கு அவசரமாகப் போகும்போது அவருடைய வில்லையைப் பார்த்தே மீசையைத் திருத்திக்கொண்டார். நாணயம் அளவு வில்லையில் அவ்வளவு பெரிய மீசை எப்படிக் கொள்ளும் என்று கேட்காதீர்கள். இடப்பக்கத்தைத் திங்கட்கிழமையும் வலப்பக்கத்தைச் செவ்வாய்க்கிழமையும் திருத்தியிருப்பார்.

மெருகின் மனைவி குடிநீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் எடுக்கும் வேலை பார்த்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை, நின்றால் நாறுகிறது என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். வீட்டில் யாராவது குறை சொல்ல வாயைத் திறந்தால், "உங்க புகார் பதிவாயிடுச்சு, நாலு வேலை நாளுக்குள்ள ஆள் வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பிள்ளை இல்லை. அவளுடைய அம்மா கூடவே இருந்தார். அந்த அம்மாள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்து நான்கு வயது. குறுக்கெழுத்துப் போட்டியைப் பேனாவால் நிரப்புகிற தைரியசாலி.

ஒரு மாத ஆரம்பத்தில் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்து நாள் இருந்தாள். பதினோராம் நாள் காலை ஒரு நர்ஸ் வந்து மெருகிடம் ஒரு படிவத்தையும், இரண்டு வளையலும் ஒரு கைபேசியும் போட்ட பையையும் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொன்னார். வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்று, வந்த பேருந்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினார். எல்லாம் சரியாகவே நடந்தது.

வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். மெருகு எல்லோருக்கும் நாற்காலி போட்டார். ஒரு தூரத்துச் சித்தி, "ஒரு சொட்டுக்கூட வரலையே இந்த மனுஷனுக்கு" என்று கூடத்திலேயே சொன்னாள். மாமியார் அவளைப் பார்த்து, "எனக்கும்தான் வரல. என்னையும் சேர்த்துச் சொல்லிட்டுக் கிளம்பு" என்றார். சித்தி கிளம்பினாள்.

செத்தவளுடைய கைபேசியில் தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடித்தது. அதைத் திறக்கும் எண் இருவருக்கும் தெரியாது. சார்ஜ் தீர்ந்தால் தானாக நின்றுவிடும். ஆனால் மாமியார் அதற்குச் சார்ஜ் போட்டுவிடுவார். ஐந்து நாற்பதுக்கு மெருகு எழுந்து பல் தேய்ப்பார்.

நாலாம் நாளே வேலைக்குப் போய்விட்டார்.

அப்போது ஆய்வுக்கூடத்தில் பெரிய வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வெட்டும்போது ஒரே குழியில் பதினைந்து வெண்கல ஆயுதங்கள் கிடைத்திருந்தன. ஆறு வாள், ஒன்பது ஈட்டிமுனை. அருங்காட்சியகம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துணுக்கு எடுக்க அனுமதி கொடுத்திருந்தது. ஆராய்ச்சிக்குப் பொறுப்பு ஒரு டாக்டரம்மா. நாற்பத்தைந்து வயது, வேகமான நடை, வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் மூடியில்லாத பேனா, அதனால் எப்போதும் ஒரு நீலக் கறை. ஆறு துணுக்குகள் முடிந்திருந்தன. ஆறிலும் பெரணி இலைதான். வார்த்தார்கள், குழியில் போட்டார்கள், அவ்வளவே.

"சார், வேணும்னா இன்னும் ரெண்டு நாள் வீட்ல இருங்க" என்றார் டாக்டரம்மா.

"அடுத்த துணுக்கு எங்க மேடம்?" என்றார் மெருகு.

அவர் ஏழாம் எண்ணைக் கொடுத்தார். அது ஒரு வாளின் விளிம்பு.

மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு, "சார், இங்க வாங்க" என்றார். மெருகு குனிந்து பார்த்தார். பெரணிக் கிளைகளின் குறுக்கே, மெல்லிய, நெருக்கமான, அழகான கோடுகள்.

"தட்டியிருக்கான்" என்றார் டாக்டரம்மா. "லேசா, குளிர்ச்சியா இருக்கும்போது தட்டியிருக்கான். இலை வளையக்கூட இல்ல பாருங்க. என்ன கை அது."

"ஆமா மேடம்" என்றார் மெருகு. அவருக்கு அன்றைக்கு எல்லாமே ஆமாவாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் அதே மேசையில், குளிர்காலத்து வெயிலா விளக்கு வெளிச்சமா என்று தெரியாத ஒரு வெளிச்சத்தில் உட்கார்ந்து, மீதி எட்டையும் வரிசையாகத் தேய்த்தார். அவை எட்டும் பெரணி.

பதினைந்தில் ஒன்று. டாக்டரம்மா அதிலிருந்து ஒரு முழுக் கட்டுரையை எழுப்பிவிட்டார். பதினான்கு ஆயுதங்கள் காட்சிக்கு வார்த்தவை, ஒன்று மட்டும் யாரோ நிஜமாகவே இடுப்பில் கட்டியது. யாருடையது? ஏன் அதையும் குழியில் போட்டார்கள்? பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அருங்காட்சியகம் அதற்குத் தனி அறை ஒதுக்கியது. கெட்டித்தன்மையைக் குத்திப் பார்த்துச் சொல்லும் கருவி ஒன்று ஆய்வுக்கூடத்தில் உண்டு. அது ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதைப் பழுது பார்ப்பவர் எட்டு மாதமாக அடுத்த வாரம் வந்துகொண்டிருந்தார்.

இன்னொரு பக்கம் இயக்குநருக்கு ஒரு ஆசை. தானாகவே மெருகேற்றும் இயந்திரம் வாங்க வேண்டும். ஒரே சமயத்தில் ஆறு வில்லை, மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் போதும். மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக டாக்டரம்மா முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கூட்டத்தில் ஏழாம் எண்ணின் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இவ்வளவு மெல்லிசான கோட்டை எந்த மெஷின் காப்பாத்திக் கொடுக்கும்? இது இவர் கை" என்றார். இயக்குநர் இயந்திரத்தின் விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதோடு விடாமல் டாக்டரம்மா அந்தப் படத்தை ஆறடிக்கு நாலடியாகப் பெரிதாக்கி, மாடிப்படியின் திருப்பத்தில் சுவரில் மாட்டச் செய்தார். கீழே சிறிய எழுத்தில்: மெருகேற்றம், கையால்.

மெருகுக்கு அந்த முக்காலி வேண்டியிருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கை தேய்த்துக்கொண்டிருந்தால் மற்றது எதுவும் நகராது. வீட்டில் மாலை ஐந்தரைக்கும் இரவு சாப்பாட்டுக்கும் நடுவிலே இருந்த நேரத்தைத்தான் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெங்காயம் உரித்தார். ஒரு நாள் மாமியார் அடுக்களைக்கு வந்து, "மாப்பிள்ளை, நாம ரெண்டே பேரு. இது ஒரு கல்யாணத்துக்கு ஆகும்" என்று சொல்லிப் பாதி வெங்காயத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்.

படம் மாட்டிய நாள் காலை. மெருகு கீழ்ப்படியில் கால் வைத்து நிமிர்ந்து பார்த்தார். அப்படியே நின்றார்.

உலோகம் என்பது ஒட்டிக்கொண்ட பொடிப் பரல்கள்தான்; சுத்தியலால் தட்டியிருந்தால் கோடுகள் பரலுக்குப் பரல் திசை மாறும். இதிலும் மாறின. அதனால்தான் மைக்ராஸ்கோப்பில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் இருபது படி கீழே நின்று பார்த்தால் கோடுகள் கும்பல் கும்பலாக நின்றன. கும்பல்கள் வரிசை பிடித்து நின்றன. வரிசைகள் எல்லாம் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குச் சாய்வாகப் போயின. கையெழுத்துக்குச் சாய்வு இருப்பதுபோல உப்புத்தாளில் தேய்க்கிற கைக்கும் ஒரு சாய்வு உண்டு. அந்தச் சாய்வு அவருக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாகத் தெரியும்.

மேலே போய் இழுப்பறையைத் திறந்து ஏழாம் எண் உறையை எடுத்தார். உள்ளே ஐந்து தாள்கள் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. இருநூற்று நாற்பது, நானூறு. நானூறாம் எண் தாள் நடுவில் தேய்ந்து கிழிந்து, அதன் வழியே விரல் நுழைந்தது. அதாவது மூன்று தாள்களை விட்டுவிட்டு நேரே துணிக்குப் போயிருக்கிறார். வில்லையைத் திருப்பவும் இல்லை. அழுத்தியிருக்கிறார், ஒரே பக்கமாக, தாள் ஓட்டையாகும்வரை. அதற்குப் பிறகு துணியில் வெகுநேரம் தேய்த்ததால் மேலே கண்ணாடியாகிவிட்டது. அடியில் நசுங்கிய உலோகம் நசுங்கியபடியே கிடந்து, அமிலம் பட்டதும் கோடுகோடாக எழுந்து நின்றிருக்கிறது.

செய்தது அவருக்கு நினைவில்லை. உறைமேல் அவர் எழுத்துதான், அவர் போட்ட தேதிதான். உறையை மூடி வைத்தார். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தார். அது வழக்கம்போல் அடித்தது. மற்ற எட்டு உறைகளையும் திறந்து பார்த்தார். ஐந்தைந்து தாள்கள், சரியாக.

அன்று மாலை மாமியார் மேசையில் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்திருந்தார். மெருகு எதிரில் உட்கார்ந்தார்.

"அத்தை, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"குழம்புல உப்பு போடாததையா சொல்றீங்க? ரெண்டு வாரமா வாயைத் திறக்காம சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"இல்ல. வேலையில."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"யாருக்கும் இல்ல. ஒரு வாளைக் கொல்லன் தட்டினான்னு சொல்லிட்டாங்க. அவன் தட்டல. என் கை அழுத்தினது அப்படித் தெரியுது."

"எந்தக் காலத்து வாள்?"

"மூவாயிரம் வருஷம் இருக்கும்."

"அப்ப அவன் வந்து கேஸ் போடப் போறதில்ல." மாமியார் ஒரு கட்டத்தை நிரப்பினார். வக்கீல் அலுவலகப் புத்தி. "சொன்னா என்ன ஆகும்?"

"மெஷின் வாங்கிடுவாங்க."

"உங்களை அனுப்பிடுவாங்களா?"

"அனுப்ப மாட்டாங்க. வேலை இருக்கும். கைக்கு வேலை இருக்காது."

மாமியார் பேனாவை வைத்தார். "அது கஷ்டம்தான். நான் ரிட்டயர் ஆகி ஆறு மாசம் சாப்பாட்டு மேசையில விரலால தட்டிக்கிட்டே இருந்தேன். யாருக்கும்மா லெட்டர்னு கேப்பா அவ. உனக்குத்தான்டீன்னு சொல்லுவேன்."

அவ என்ற சொல் அந்த வீட்டில் புதிதாகக் காது குத்தியதுபோல வலித்தது. மாமியார் நிரப்பிய கட்டங்களை மேலிருந்து கீழே ஒருமுறை எண்ணினார்.

"சொல்லாம இருந்தா?" என்றார் மாமியார்.

"தினமும் அந்தப் படியில ஏறணும். படம் அங்கதான் இருக்கு."

"லிஃப்ட் கிடையாதா?"

"இருக்கு."

"அப்ப யோசிங்க" என்று சொல்லிப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

மெருகு நான்கு நாள் லிஃப்டில் போனார். இருபத்தேழு வருடத்தில் அவர் அதில் ஏறியதே இல்லை. முதல் நாள் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டு வந்தார். நான்கு நாளும் மேசையில் உட்கார்ந்து யாரும் கேட்காத இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, ஐந்து தாளிலும் தேய்த்து, கால் கால் வட்டமாகத் திருப்பித் திருப்பி மெருகேற்றினார். கை சரியாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு. கை தப்பாகிப் போயிருந்தால் வைத்தியம் பார்க்கலாம். அந்த ஒரு நாள் மட்டும் அது எங்கே போயிருந்தது?

ஐந்தாம் நாள் லிஃப்ட் மூடப்போகும் நேரத்தில் டாக்டரம்மா ஓடிவந்து ஏறினார். கையில் அருங்காட்சியகத்தில் வைக்கப்போகும் அட்டை. அச்சுக்குப் போகும் முன் கடைசி வாசிப்பு.

"சார், நல்ல வேளை. கொஞ்சம் சத்தமா படிங்க. கேக்க எப்படி இருக்குன்னு பாக்கணும்."

மெருகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இந்த வாளை வார்த்த கொல்லன், அதன் விளிம்பைப் பொறுமையாகத் தட்டி இறுக்கினான். அவனுடைய கையின் தடம் இன்றும் உலோகத்துக்குள் இருக்கிறது."

"எப்படி?"

"நல்லா இருக்கு மேடம். ஆனா தட்டினது அவன் இல்ல. அது என் கை."

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று கதவைத் திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டு மறுபடி கீழே போனது. தரைத்தளத்தில் ஏறவந்த வாட்ச்மேன் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, படியே உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்தார். அன்று அந்த லிஃப்ட் பதினேழு தடவை ஏறி இறங்கியதாகச் சொல்வார்கள். மூன்று தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவைக்குள் மெருகு சாய்வைச் சொன்னார், உறையைச் சொன்னார், ஓட்டைத் தாளைச் சொன்னார்.

டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். "நாலு நாளா தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றார் மெருகு. பிறகு இரண்டு பேரும் படியின் அடியில் போய் நின்று படத்தைப் பார்த்தார்கள். டாக்டரம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். வரிசைகள் அவருக்கும் தெரிந்துவிட்டன. ஒருதரம் தெரிந்துவிட்டால் வேறெதுவும் தெரியாது.

"இன்னும் தேய்க்க எத்தனை மயிரிழை கனம் பாக்கி இருக்கு துணுக்குல?" என்றார்.

"ரெண்டு. ஒண்ணு போதும்."

மெருகு முக்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா பக்கத்தில் நின்றார். அறுநூறில் ஆரம்பித்து எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, ஒவ்வொன்றுக்கும் கால் வட்டம். துணி. அமிலம். கழுவல். மறுபடி துணி, மறுபடி அமிலம். நசுங்கிய தோல் துளியும் மிஞ்சாமல் போவதற்கு அப்படி மூன்று சுற்று. தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். எழுந்தார். மெருகுக்கு இடம் விட்டார்.

பெரணி. இலைக்கு இலை தெளிவாக, நுனிவரைக்கும். ஒரு கோடும் இல்லை.

"பதினஞ்சும் ஒண்ணுதான்" என்றார் டாக்டரம்மா. கோட்டுப் பையில் கையை விட்டார், எடுத்தார், விரல் நீலமாயிருந்தது. "யாருமே கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க சார்."

"ஆமா மேடம்."

"மெஷின் வந்துடும். இனிமே நான் என்ன சொல்லி நிறுத்துறது?"

"தெரியும் மேடம்."

டாக்டரம்மா ஏழாம் எண் உறையை எடுத்துப் பார்த்தார். தேதியைப் படித்தார். மனசுக்குள் நாளைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். உறையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "அன்னிக்கு உங்க கையில இதைக் கொடுத்தது நான்தான்."

"நான்தானே கேட்டேன்" என்றார் மெருகு.

அருங்காட்சியகத்தின் தனி அறை ஒரு பொது அறையாயிற்று. அட்டையில் ஒரே வரி: வார்ப்பு வாள், விளிம்பு தட்டப்படவில்லை. கட்டுரையை டாக்டரம்மா திரும்பப் பெற்றுக்கொண்டு, ஆறு மாதம் கழித்து வேறொன்று எழுதினார். பளபளப்பான பரப்பை நம்பி ஏமாறுவது எப்படி என்பதைப் பற்றி. அதை இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் படித்தார்கள். மாடிப்படிப் படத்தை இரண்டு ஆட்கள் கழற்றிச் சுருட்டிக் கொண்டுபோனார்கள். இயக்குநர் மெருகைக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்து, "கைன்னா தப்பு வரத்தான் செய்யும். அதுக்குத்தானே மெஷின்" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.

குளிர்பெட்டிக்கு அண்ணன் மாதிரி ஒரு பெட்டி வந்து இறங்கியது. முக்காலியும் தாள்மேசையும் இருந்த இடத்தில் அதை நிறுத்தினார்கள். மெருகு ஆறு வில்லைகளைத் தட்டில் பொருத்த வேண்டும். மூடியைச் சாத்த வேண்டும். எட்டு நிமிடத்துக்கு முள்ளைத் திருப்ப வேண்டும். மணி அடித்ததும் திறந்து, கழுவி, அடுத்த தாளை ஒட்டி, மறுபடி எட்டு நிமிடம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இயந்திரம் தப்பு எதுவும் செய்யவில்லை.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு எட்டு நிமிடம் சும்மா கிடைத்ததில்லை. முதல் நாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள் இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் படித்தார். ஒன்பது மொழியில் இருந்தது, அவருக்குத் தெரிந்த மொழியைத் தவிர. மூன்றாம் நாள் தரையைத் துடைத்தார். அந்த வாரம் முழுக்கத் துடைத்ததில் தரை அவருடைய வில்லைபோல ஆகி, டாக்டரம்மா வழுக்கிச் சுவரைப் பிடித்தார். "சார், தயவுசெஞ்சு உக்காருங்க" என்று ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

வீட்டில் மாமியார் கேட்டார். "எப்படி மாப்பிள்ளை இருக்கு உங்க மெஷின்?"

"நல்லா ஓடுது."

"நீங்க என்ன பண்றீங்க அப்ப?"

"உக்காந்திருக்கேன் அத்தை."

"பழகிடும்னு சொல்ல மாட்டேன்" என்றார் மாமியார். "எனக்குப் பழகல. ஆறு மாசத்துல மேசைதான் பழகிடுச்சு."

அடுத்த புதன்கிழமை மத்தியானம். ஆறு வில்லைகள் உள்ளே. மூடி சாத்தியிருந்தது. மெருகு நாற்காலியில், கைகள் மடியில், உள்ளங்கை மேலே பார்த்தபடி. இயந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. இரண்டாவது நிமிடமோ மூன்றாவது நிமிடமோ அவருக்கு ஆஸ்பத்திரி நினைவு வந்தது. கேட்காமல், கதவைத் தட்டாமல் வந்தது.

ஒன்பதாம் நாள். அவள் போர்வைக்கு வெளியே காலை நீட்டி, "கால் மரத்துப் போச்சுங்க. கொஞ்சம் தேய்ச்சு விடுங்க" என்றாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தேய்த்தார். பாதம் சில்லென்றிருந்தது. "தேய்க்கிறீங்களா?" என்றாள். "தேய்க்கிறேனே" என்றார். "தெரியல. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க." அழுத்தினார். "இன்னும் தெரியல." இரண்டு கையாலும், தோளைக் கொடுத்து, ஒரே பக்கமாக, கட்டில் கிறீச்சிட அழுத்தினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் தெரியல. புகார் பதிவாயிடுச்சா?" என்றாள். "ஆயிடுச்சு" என்றார். "நாலு வேலை நாள்" என்று சொல்லி அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. நர்ஸ் வந்து கையைப் பிடித்து எடுத்துவிட்டபோது பாதத்தின் தோல் சிவந்து பளபளவென்றிருந்தது.

மணி அடித்தது.

மெருகு எழுந்தார். மூடியைத் திறந்து ஆறு வில்லைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழுவினார். காற்றில் உலர்த்தினார். தட்டில் எண் வரிசைப்படி அடுக்கி, மூடியிட்டு, டாக்டரம்மாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அவர் ஏதோ கேட்டார். இவர் தலையை ஆட்டினார்.

திரும்பி வந்து இயந்திரத்தின் மூடியைச் சாத்தினார். உள்ளே ஒன்றும் இல்லை. முள்ளை எட்டு நிமிடத்துக்குத் திருப்பினார். பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.